கைப்பிடி அளவு எல்2 என்று சொல்லி எல்4-ஐச் சீவிக் கொடுத்தார்கள்: டென்னிஸ் ராக்கெட் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று நேற்று ராத்திரி விட்டுவிட்டேன். தணியவில்லை. அரை மாதச் சம்பளம் போயிருக்கிறது, எப்படித் தணியும்? விளையாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றில்தான் ஏமாந்தேன். பெயரைப் போட மாட்டேன். போட்டால் அதற்கு வேறு தனியாக அலைய வேண்டி வரும். நடந்ததைச் சொல்லிவிட்டு, ராக்கெட் வாங்கும்போது பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் எழுதுகிறேன்.

இரண்டு வருஷமாக இரவல் மட்டையில் ஆடிக்கொண்டிருந்தவள் நான். என் கை சின்னது. கிடைத்த மட்டை எல்லாம் உலக்கையைப் பிடித்த மாதிரி இருக்கும். "உங்க கைக்குன்னு ஒண்ணு வாங்குங்க, கிரிப் சைஸ் பார்த்து வாங்குங்க" என்று கோச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகுதான் காசு சேர்த்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அங்கே இருந்த தம்பி விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "கையை நீட்டுங்க அக்கா" என்றான். ஸ்கேலை எடுத்து, உள்ளங்கையின் குறுக்கே ஓடும் நடு ரேகையிலிருந்து மோதிர விரல் நுனி வரை அளந்தான். 4 1/4 அங்குலம். "உங்களுக்கு எல்2" என்றான். கணக்கையும் அவனேதான் சொல்லிக் கொடுத்தான். கைப்பிடியின் சுற்றளவு 4 அங்குலம் என்றால் எல்0. எண் ஒன்று கூடினால் அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர் போலக் கூடும். எல்2 என்றால் நாலேகால், எல்4 என்றால் நாலரை. இதில் ஒரு பொய்கூட இல்லை. இப்போது நினைத்தாலும் அதுதான் எரிகிறது.

நான் ஆசைப்பட்ட மாடல் ஷோகேஸில் தொங்கியது. எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். அவன் என் இடது கை ஆள்காட்டி விரலை, மட்டையைப் பிடித்திருந்த கையின் விரல் நுனிகளுக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் நடுவில் வைக்கச் சொன்னான். ஒரு விரல் கச்சிதமாக நுழைந்தால் சரியான சைஸ், நுழையவே இடமில்லை என்றால் சின்னது, நுழைந்தும் இடம் மிச்சமிருந்தால் பெரியது. எனக்கு ஒன்றரை விரல் நுழைந்தது. உடனே மட்டையைக் கையிலிருந்து வாங்கிவிட்டான். "இது எல்4 அக்கா. நானே உங்களுக்கு இதைத் தர மாட்டேன். முழங்கை போயிடும்."

விழுந்தது அந்த இடத்தில்தான். கையில் எடுத்த பொருளை வேண்டாம் என்று திருப்பி வாங்கிக்கொள்ளும் கடைக்காரனை யார் சந்தேகப்படுவார்கள்?

"குடோன்ல எல்2 ஒண்ணு இருக்கு, புது கிரிப் போட்டு எடுத்துட்டு வரேன்" என்று போனவன் முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். வியர்த்திருந்தது. அதைப் பார்த்து, பாவம் நமக்காகத் தேடியிருக்கிறான் என்று நினைத்தேன்! பிடித்துப் பார்த்தேன், விரல் அளவாக நுழைந்தது. கைப்பிடியின் அடிமூடியான பட் கேப்பில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர், அதில் 2. அரை மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். பில்லில் "டென்னிஸ் ராக்கெட் – 1" என்று மட்டும் இருந்ததை அப்போது கவனிக்கவே இல்லை.

முதல் வாரம் சந்தோஷத்திலேயே போய்விட்டது. அப்புறம்தான் ஒன்று புரிய ஆரம்பித்தது: பந்து ஓரத்தில் பட்டால் மட்டை கைக்குள் சுற்றுகிறது. சர்வுக்குப் பிடியை மாற்றினால் எங்கே நிற்கிறேன் என்று கைக்குத் தெரியவில்லை. டென்னிஸ் ஆடாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கைப்பிடி உருண்டை இல்லை, எட்டுப் பட்டை. மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்தால் மேலே வருவது 1-ஆம் பட்டை. வலக்கைக்காரர்கள் அங்கிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். ஆள்காட்டி விரலின் அடி முட்டி 2-ஆம் பட்டையில் உட்கார்ந்தால் அந்தப் பிடிக்குப் பெயர் கான்டினென்டல். சர்வ், வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) எல்லாம் அதில்தான். 3-இல் ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட், 4-இல் செமி வெஸ்டர்ன், 5-இல் வெஸ்டர்ன். பந்து வந்துகொண்டிருக்கும்போது குனிந்து பார்த்து யாரும் பிடியை மாற்றுவதில்லை. விளிம்பு உள்ளங்கையில் உறுத்தும், அதை வைத்துக் கை தானாகப் போய் உட்காரும். என் மட்டையில் உறுத்துவதற்கு விளிம்பே இல்லை. மண்வெட்டிக் காம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. சுற்றாமல் இருக்கட்டும் என்று இறுக்கிப் பிடித்ததில் மூன்றாவது வாரம் முழங்கையின் வெளிப்பக்கம் வலி பிடித்துக்கொண்டது.

கோச் வாங்கிப் பார்த்தார். பட் கேப் மட்டும் ஏன் இவ்வளவு புடைத்திருக்கிறது என்று கேட்டார். கைப்பிடியில் சுற்றியிருந்த கிரிப்பைப் பிரிக்கச் சொன்னேன். பிரித்ததும் அவர் ஒன்றுமே பேசவில்லை, மட்டையை அப்படியே என் பக்கம் திருப்பிக் காட்டினார். எட்டு விளிம்பும் அரத்தால் தேய்த்து மழுங்கிக் கிடந்தன. இரண்டு இடத்தில் கருப்பு நார் பிசிறு தெரிந்தது. ஸ்டிக்கரை நகத்தால் கீறினால் அடியில் பொறித்த எண் 4. என் கையிலிருந்து அக்கறையாக வாங்கினானே, அதே மட்டையாகத்தான் இருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்து வியர்வையும் அதற்குத்தான்.

கோச் சொன்னது: சின்ன கைப்பிடியைப் பெரிதாக்கலாம். கிரிப்புக்கு மேலே சுற்றும் மெல்லிய பட்டியான ஓவர்கிரிப் ஒன்று சுற்றினால் அரை சைஸ் கூடும், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டால் ஒரு சைஸ் கூடும். பெரியதைச் சிறிதாக்குவது அப்படி இல்லை. ஒரே வார்ப்பாக வரும் கிராஃபைட்டில் கையை வைத்தால் பட்டையும் போகும், உறுதியும் போகும், பிடியில் எடை குறைந்து தலை கனக்கும்.

கடைக்கு ஃபோன் செய்தேன். "புது ராக்கெட் கைக்குப் பழக ஒரு மாசம் ஆகும் அக்கா." மறுநாள் மறுபடி செய்தேன். "நீங்க பிடிக்கிற பிடிதான் தப்பா இருக்கும், வீடியோ அனுப்புங்க." நான் விளிம்பு தேய்ந்த படங்களை அனுப்பினேன். பார்த்தான், பதில் இல்லை. நேரில் போய் நின்றபோது அக்கா என்ற வார்த்தை காணாமல் போய்விட்டது. "மேடம், கிரிப்பைப் பிரிச்சுட்டீங்க. பிரிச்ச பொருளை நாங்க எடுக்க மாட்டோம்." பிரிக்காமல் எப்படி ஐயா தெரியும் உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று?

முதலாளி அதற்கு மேல். கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் முன்கைத் தசையில் வித்தியாசமே தெரியவில்லை என்று ஆராய்ச்சியே வந்திருக்கிறதாம், நான் சும்மா மனப்பிரமையில் பேசுகிறேனாம். தேடிப் பார்த்தேன், அப்படி ஓர் ஆய்வு 2006-இல் வந்தது உண்மைதான். ஆனால் அது ஒழுங்கான கைப்பிடிகளில் சைஸை மட்டும் மாற்றிப் பார்த்தது. சைஸ் முக்கியமில்லை என்றால் உங்கள் ஆள் எதற்கு என் கையை அளந்தான், எதற்கு 2 என்று ஸ்டிக்கர் ஒட்டினான் என்று கேட்டேன். "பில்லில் எங்கே மேடம் எல்2-ன்னு போட்டிருக்கு?" என்றார். வாரண்டி கேட்டால், கைப்பிடியில் கைவைத்த மட்டைக்கு வாரண்டி கிடையாதாம். கைவைத்தது யார்?

கடைசியில் சமாதானத்துக்கு இரண்டு ஓவர்கிரிப் எடுத்து நீட்டினார். அரை மாதச் சம்பளத்துக்கு இரண்டு ஓவர்கிரிப். அதைச் சுற்றினால் மிச்சமிருக்கிற விளிம்பும் மறையும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. வாங்காமல் வந்துவிட்டேன்.

பத்து விஷயம் என்று சொன்னேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. பில்லில் மாடலோடு கிரிப் சைஸையும் எழுதச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். பட் கேப்பில் ஸ்டிக்கருக்கு அடியில் வேறு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடி கிரிப்பை உங்கள் கண் முன்னால் பிரித்துச் சுற்றச் சொல்லுங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் தடுமாறினால் சின்னதையே எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிடியை 2-ஆம் பட்டையிலிருந்து 4-க்கு மாற்றிப் பாருங்கள், விளிம்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். "உள்ளே போய் எடுத்துட்டு வரேன்" என்றால் கூடவே போங்கள்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். முழங்கைக்கு ஐஸ் வைக்கும் நேரம்.