நாட்டுச் செடியா, அயல் பூச்செடியா, தீனித்தட்டா? பறவைகளுக்காகத் தோட்டம் அமைப்போருக்கு ஓர் ஒப்பீடு

வீட்டுத் தோட்டத்திற்குப் பறவைகளை வரவழைக்க மூன்று வழிகள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன: தானியம் நிரப்பிய தீனித்தட்டைத் தொங்கவிடுவது, நாற்றுப்பண்ணைகளில் எளிதாகக் கிடைக்கும் அயல்நாட்டுப் பூச்செடிகளை வளர்ப்பது, அந்தந்த மண்ணில் இயல்பாக விளையும் நாட்டுச் செடிகளை நடுவது. மூன்றையும் கையாண்டு பார்த்த பின்னர் என் தோட்டத்தின் பெரும்பகுதியை நாட்டுச் செடிகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

தீனித்தட்டின் வசதி வெளிப்படையானது. வைத்த சில நாட்களிலேயே பறவைகள் வரத் தொடங்கும். ஆனால் ஒரே இடத்தில் பல பறவைகள் கூடி உண்பதால் எச்சமும் எச்சிலும் தீனியில் கலந்து நோய் பரவும். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு வாக்கில் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளிடையே பரவத் தொடங்கிய ட்ரைக்கோமோனோசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோய் அவற்றின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தது. 2021-இல் அப்பறவை, பெரிதும் அருகிவரும் பறவைகளைக் குறிக்கும் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. தட்டை முறையாகக் கழுவிக் காயவைத்து, நனைந்த தீனியை உடனுக்குடன் அகற்றுபவர்கள் மட்டுமே இவ்வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

அயல் பூச்செடிகளைப் பொறுத்தவரை, அழகிலோ தேனிலோ குறை சொல்வதற்கில்லை. நீண்ட குழல் வடிவப் பூ எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் தேன்சிட்டு அதைத் தேடி வரும். பழங்களில்தான் எச்சரிக்கை தேவை. கிழக்காசியாவைச் சேர்ந்த நாண்டினா என்னும் அலங்காரச் செடியின் செந்நிறப் பழங்களில் சயனைடு வெளிப்படுத்தும் பொருள் உண்டு. 2009-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அவற்றை மிகுதியாகத் தின்ற சிடார் வேக்ஸ்விங் பறவைகள் கூட்டமாக மடிந்தன. உண்ணிச்செடியின் சிக்கல் வேறு வகையானது. சின்னான்கள் அதன் பழத்தை விரும்பி உண்டு விதைகளைத் தொலைவில் இடுவதால், நம் வேலியோரத்துச் செடி காட்டுக்குள் புதராக மண்டிவிடும்.

இவை அனைத்தையும்விட எனக்குத் தீர்மானமாக அமைந்தது ஒன்றுதான்: குஞ்சுகளின் உணவு. தோட்டத்தில் எத்தனை பறவைகள் வந்து போகின்றன என்று பார்ப்பதைவிட, எத்தனை அங்கே குஞ்சு பொரித்து வளர்க்க முடிகிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சிகளையே கொண்டுவந்து ஊட்டுகிறது. தேன் குடிக்கும் தேன்சிட்டும் சிலந்திகளையும் சிறு பூச்சிகளையும் தேடிப் பிடிக்கிறது. (புறாக்கள் இதற்கு விலக்கு; தொண்டைப்பையில் சுரக்கும் பாலை அவை ஊட்டுகின்றன.) வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதத்தை மென்மையான இலைப்புழுக்களைப்போல் எளிதாகத் தருவது வேறொன்றும் இல்லை. இலைப்புழுக்களோ எந்த இலையையும் தின்பவை அல்ல. ஒவ்வொரு தாவரமும் தன் இலையில் தனக்கே உரிய வேதிப்பொருள்களைச் சேர்த்து வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. நெடுங்காலம் அத்தாவரத்தோடு சேர்ந்து வாழ்ந்த பூச்சியினங்களே அவற்றைச் செரிக்கப் பழகியிருக்கின்றன. அதனால்தான் பல அயல் செடிகளின் இலைகள் ஓட்டையின்றிப் பளபளப்பாக நிற்கின்றன, பறவைக்கு அவற்றில் இரை கிடைப்பதில்லை.

வட அமெரிக்காவின் சிக்கடீ என்னும் சிறு பறவை ஓர் ஈட்டுக் குஞ்சுகளைக் கூட்டைவிட்டுப் பறக்கவைக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாஷிங்டன் நகரைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, தாவர நிறையில் அயல் இனங்களின் பங்கு 30 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள இடங்களில் மட்டுமே கரோலினா சிக்கடீக்களின் எண்ணிக்கை குறையாமல் நிலைக்க முடியும் என்று கண்டது. எல்லாப் பறவைகளுக்கும் அதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

என் தோட்டத்து ஆவாரையில் இதை அருகிலிருந்தே காணலாம். தளிரின் நடுநரம்பை ஒட்டி, இலையின் அதே பச்சை நிறத்தில் புழு அசையாமல் படுத்திருக்கும். கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. தையல்சிட்டு கிளையின் அடிப்புறமிருந்து ஒவ்வோர் இலையாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே மேலேறி, புழுவை அலகில் குறுக்காகக் கவ்விக்கொண்டு கூட்டை நோக்கிப் பறந்துவிடும்.

இதற்கு நாம் தர வேண்டிய விலை, கடிபட்ட இலைகளைப் பொறுத்துக்கொள்வதுதான். பூச்சிக்கொல்லி தெளித்தால், வேப்பெண்ணெய்க் கரைசலே ஆனாலும், நட்டதன் பயன் போய்விடும். நாட்டுச் செடி என்ற பெயரில் விற்கப்படும் அலங்கார வகைகளிலும் கவனம் வேண்டும்: அடுக்குப் பூக்களில் பெரும்பாலும் தேன் குறைவு, இலை செந்நிறமாகவோ ஊதாவாகவோ மாற்றப்பட்ட வகைகளைப் பூச்சிகள் குறைவாகவே தின்கின்றன. சருகுகளைப் பெருக்கி எரிக்காமல் செடியடியிலேயே விட்டால், தரையில் கிளறி இரை தேடும் பறவைகளுக்கும் உணவு கிடைக்கும்.

மாடித் தொட்டிகளில் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இதே அளவு பலன் கிடைக்குமா என்பதில் எனக்கு அனுபவம் போதாது. அவர்கள் தீனித்தட்டைத் தூய்மையாகப் பேணி, நாள்தோறும் மாற்றப்படும் தண்ணீர்க் கிண்ணம் ஒன்றையும் வைப்பது பொருத்தமாக இருக்கலாம். மண்ணில் நடும் வாய்ப்பு உள்ளவர்களும் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட அயல் செடிகளை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டியதில்லை. பரவும் இயல்புள்ளவற்றையும் நச்சுப் பழம் உள்ளவற்றையும் முதலில் அகற்றிவிட்டு, மற்றவை பட்டுப்போகும்போது அந்த இடத்தில் நாட்டுச் செடிகளை வைத்துக்கொண்டே வரலாம்.