ஸ்பிட்ஃபயர் மாதிரி: பழைய புகைப்படமா, அருங்காட்சியக விமானமா?

1940இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்துப் பிரிட்டன் வானில் நடந்த போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் சிறு மாதிரியைச் செய்பவருக்கு வழிகாட்டிகள் இரண்டு: அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள், இன்றும் எஞ்சியிருக்கும் விமானங்கள்.

உடலமைப்புக்கு எஞ்சிய விமானமே மேல். லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்திலுள்ள எக்ஸ்4590 என்ற எண்ணுள்ள ஸ்பிட்ஃபயர் அந்தப் போரிலேயே பறந்தது. சக்கரக் குழியின் ஆழத்தையும் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசையையும் பழைய படங்கள் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

வண்ணம் பூசிய விதத்துக்கும் குறிகளுக்கும் நான் பழைய படத்தையே நம்புவேன். இன்றும் பறக்கும் நிலையில் பேணப்படும் பி7350 விமானமும் 1940 போரில் பங்கேற்றதுதான். ஆனால், பெரிய பராமரிப்பின்போது அதற்கு வேறொரு விமானத்தின் வண்ணத்தைப் பூசுவது வழக்கம். அதைப் பார்த்து அப்படியே பூசுவது ஆபத்து. 1940 ஜூனில்தான் அடிப்பகுதியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்ற முறை போய், வெளிர்பச்சையான 'ஸ்கை' நிறம் வந்தது. அதே நிறத்தில் வாலருகே பட்டை சேர்ந்ததோ நவம்பர் இறுதியில். ஆகஸ்ட் மாத விமானத்துக்கு அந்தப் பட்டையைப் போட்டால் எனக்கு மனம் ஆறாது. தேதி தெரிந்த ஒரே ஒரு படம் போதும், இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படத்திலும் ஒரு பொறி உண்டு. ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற ஒருவகைக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் சிவப்பை உணராது. விமானத்தில் தீட்டிய விமானப்படை வட்டச் சின்னத்தின் மஞ்சள் வளையம்கூட அதில் கருத்துத் தெரியும். அதனால் வளையமே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நிறத்தை விமானப்படை ஆணைகளிலிருந்தும், நிறங்களின் எல்லைக்கோட்டை மட்டும் படத்திலிருந்தும் எடுப்பேன்.