ஜிஐஎஸ் படிக்க எது நல்லது: புவியியல் பட்டமா, ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பட்டமா?

மலேசியாவில் ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் முடிவு வெளியாகி, அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யுபியு விண்ணப்பத்தில் துறைகளை வரிசைப்படுத்தும் நேரம் வந்தால் உறவுக்காரப் பிள்ளைகள் யாராவது என்னைக் கூப்பிடுவார்கள். இந்த முறை சித்தப்பா மகள். "அண்ணா, எனக்கு ஜிஐஎஸ் படிக்கணும். புவியியலா, ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸா, எதை முதல்ல போடறது?" என்று கேட்டாள். ஜிஐஎஸ் என்றால் இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் புவியியல் தகவல் முறைமை; அந்தத் தரவைக் கையாளும் கணினி நுட்பம்தான் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ். அவளிடம் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

நான் பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன். இப்போது அதே தீவில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் வடிகால், மலைச்சரிவு, சுற்றுச்சூழல் அறிக்கைகளுக்கான வரைபட வேலை செய்கிறேன். ஆகவே நான் புவியியல் பக்கம்தான் சாய்வேன். அதற்கு என்னிடம் ஒரே ஒரு வலுவான காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஜிஐஎஸ் பாடம் பல பட்டங்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. புவியியல் பட்டம் பினாங்கில் யுஎஸ்எம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் யுகேஎம் என்று பல இடங்களில் உண்டு. இது கலை, மனிதவியல், சமூக அறிவியல் பக்கம் வரும். ஜொகூர் ஸ்கூடாயில் உள்ள யுடிஎம் பல்கலைக்கழகம் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பட்டத்தையும், தனியாக நில அளவை சார்ந்த ஜியோமெட்டிக்ஸ் பட்டத்தையும் தருகிறது. யுஐடிஎம்மிலும் நில அளவைத் துறை இருக்கிறது. அங்கே பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடிகள்) மாணவர்களுக்குத்தான் இடம் என்பதால் நம் பிள்ளைகளின் பட்டியலில் அது வராது. மூன்றாவதாக, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் படித்துவிட்டு, ஜிஐஎஸ்ஸைச் சொந்தமாகக் கற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

செலவைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. முதல் இரண்டும் அரசாங்கப் பல்கலைக்கழகம், கட்டணம் தாங்கக்கூடியது, பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனும் உண்டு. தனியார் கல்லூரி என்றால் பல பத்தாயிரம் ரிங்கிட் போகும். கணிதத்தில் திடமாக இருப்பவர்களுக்கு யுடிஎம் கதவு எளிதாகத் திறக்கும். ஆறாம் படிவத்தில் கலைப்பிரிவு எடுத்தவர்களுக்குப் புவியியல்தான் நேர்வழி.

ஒரு விஷயத்தில் மட்டும் யோசிக்கவே வேண்டாம். நில அளவையாளர் உரிமம் வேண்டும் என்றால் புவியியல் பட்டத்தை மறந்துவிடுங்கள். 1958ஆம் ஆண்டின் உரிமம் பெற்ற நில அளவையாளர் சட்டப்படி, நிலப்பட்டாவுக்கான அளவையில் கையெழுத்துப் போட உரிமம் வேண்டும். அதற்கு அளவையாளர் வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டமும், பிறகு பயிற்சியும் தேர்வும் தேவை. ஜியோமெட்டிக்ஸ் படித்தவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. சொந்தமாக அளவை நிறுவனம் நடத்த வேண்டும் என்ற ஆசை உள்ள பிள்ளை இதற்கு மேல் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை. ஜியோமெட்டிக்ஸுக்கே மனு போடலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: படித்ததில் எது பத்து வருடம் கழித்தும் கையில் நிற்கும் என்று பாருங்கள்.

மென்பொருள் நிற்காது. ஆர்க்மேப் என்ற ஜிஐஎஸ் மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் அலுவலகத்துக்கே பெரிய ஆள். அதைத் தயாரித்த எஸ்ரி நிறுவனம் 2015இல் அதற்குப் பதிலாக ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவைக் கொண்டுவந்தது. ஆர்க்மேப்புக்கான ஆதரவு 2026 மார்ச் 1 வரைதான் என்று அறிவித்தது. பொத்தான்களை மட்டும் கற்றவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகம் தரும் மென்பொருள் உரிமம் பட்டம் வாங்கும்போது முடிந்துவிடும் என்பது தனிக்கதை. சிறிய நிறுவனங்களுக்கு எஸ்ரி உரிமம் சுமையாக இருப்பதால், 2002இல் தொடங்கி இன்றுவரை இலவசமாகவே கிடைக்கும் கியூஜிஐஎஸ்தான் பல இடங்களில் ஓடுகிறது. எந்தப் பட்டம் எடுத்தாலும் இந்த மாற்றம் வந்தே தீரும். ஆகவே "அங்கே என்ன மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு நான் பெரிய மதிப்பெண் தர மாட்டேன்.

அடுத்தது நிரல் எழுதுவது. பைத்தான் நிரல்மொழி, இடத்தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம் இரண்டும் தெரியாமல் இன்று இந்த வேலையில் முன்னேறுவது கஷ்டம். இதில் கணினி அறிவியல் படித்தவர்கள் முதலிடம், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படித்தவர்கள் அடுத்து, புவியியல்காரர்கள் கடைசி. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்குப் போன பிறகும் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயங்களில் இது முதன்மையானது. தினமும் பயன்படுத்த ஒரு காரணம் இருந்தால் போதும், ஒரு வருடத்தில் கை பழகிவிடும். புவியியல் படித்த பலர் இப்படித்தான் தேறியிருக்கிறார்கள், நானும் அப்படித்தான்.

மூன்றாவது, ஆயத்தொலை அமைப்பு, அதாவது ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறை. இதில் யுடிஎம் பிள்ளைகளின் அடித்தளம் உண்மையிலேயே பலமானது, அதற்கு நான் தலைவணங்குகிறேன். நம் நாட்டு வரைபடங்களில் இது ஒரு பெரிய தலைவலி. தீபகற்பம் முழுவதற்கும் ஆர்எஸ்ஓ என்ற வீழல் (உருண்டைப் பூமியைத் தட்டையான வரைபடமாக விரிக்கும் முறை) இருக்கிறது. நிலப்பட்டா அளவைக்கோ கசினி வீழல், அதுவும் பெரும்பாலும் மாநிலத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி. பினாங்கின் கசினிக்குக் கார்ன்வாலிஸ் கோட்டைதான் தொடக்கம். கோலாலம்பூர் சிலாங்கூர் கசினிக்குள் வரும். இதற்கு அடியில், அளவை எதிலிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்லும் அடிப்படைகளாக (டேட்டம்) பழைய கெர்தாவும், புதிய ஜிடிஎம்2000உம் கலந்து கிடக்கும். பழைய கெர்தாவ் தரவைச் சரியாக மாற்றாமல் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டால், பினாங்கில் எல்லாமே 100 மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். வீட்டு மனை ஆற்றுக்குள் போய்விடும். ஜியோமெட்டிக்ஸ், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படித்தவர்கள் இதைப் பார்த்த கணமே பிடித்துவிடுவார்கள். எங்களுக்கு அதைப் பிடிக்கக் கொஞ்ச காலம் பிடிக்கும். ஆனால் பிடித்துவிடலாம், ஏனென்றால் தவறு கண்ணுக்குத் தெரிகிறது. ஆறு ஒரு பக்கம், பாலம் இன்னொரு பக்கம் என்று வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத தவறு வேறு இடத்தில் இருக்கிறது. புவியியல் பட்டத்தின் பக்கம் நான் நிற்பது அதனால்தான்.

பினாங்கையே எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்துக்கு மேல் 76 மீட்டரைத் தாண்டிய நிலம் அல்லது 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலம் மலைநிலம் என்று மாநிலத் திட்டம் வகுத்திருக்கிறது. ஒரு நிலம் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்கச் சொன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்ன செய்வார்? இணையத்தில் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இறக்குவார், சரிவுக் கட்டளையைத் தட்டுவார், 25க்கு மேல் உள்ளதைச் சிவப்பாக்குவார். ஐந்து நிமிட வேலை, வரைபடமும் அழகாக வரும். ஆனால் அந்தத் தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். சாலைக்காக மலையை 45 பாகையில், 10 மீட்டர் உயரத்துக்கு வெட்டியிருந்தால், அந்த வெட்டு தரையில் 10 மீட்டர் அகலம்தான் எடுக்கும். அதே உயர வேறுபாட்டை இரண்டு புள்ளிகளுக்கிடையே 30 மீட்டரில் பரப்பினால் சரிவு சுமார் 18 பாகை என்று வரும். ஆபத்தான வெட்டு வரைபடத்தில் மென்மையான மேடாகத் தெரியும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது, ஆயத்தொலைவும் மிகச் சரியாகவே இருக்கும்.

இந்த இடத்தில் "இது நம்பும்படி இல்லையே" என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். அந்த உணர்வு நிலவடிவவியலும் மண்ணும் ஆற்றுப்படுகையும் படித்து, பினாங்கின் பாயா தெருபோங் மலையோரம் மழைக்குப் பிறகு நடந்து பார்த்தவருக்கு வருகிறது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா என்ற பகுதியில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த மாதம் 4, 5 தேதிகளில் தீவே வெள்ளத்தில் மூழ்கியது. கோலாலம்பூர்ப் பக்கம் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிந்தது 1993 டிசம்பரில், 48 பேர் இறந்தார்கள். பத்தாங்காலி மண்சரிவில் 2022 டிசம்பரில் 31 பேர். இந்த ஊரில் சரிவு வரைபடம் போடுகிறவர் நிலத்தை வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அந்த வாசிப்பு வேலையில் சேர்ந்த பிறகு தானாக வந்து சேருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. பைத்தானுக்கு மாலை நேர வகுப்பு உண்டு, வீழலுக்கு மூத்த அளவையாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு பள்ளத்தாக்கில் தண்ணீர் எந்த வழியாக வரும், அங்கே முன்பு என்ன தோட்டம் இருந்தது, யார் குடியிருக்கிறார்கள், ஏன் அந்த மூலையில் மட்டும் வெள்ளம் என்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்க மூன்று, நான்கு வருடம் வேறு வேலையில்லாமல் அதையே படிக்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் அதற்கு யாரும் நேரம் தர மாட்டார்கள்.

சரி, புவியியல் பட்டம் எடுத்தால் போதுமா என்றால், போதாது. புவியியலில் சேர்ந்து ஜிஐஎஸ்ஸை ஒரே ஒரு பாடமாகத் தொட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் "புவியியல் படிச்சா வாத்தியார் வேலைதானே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஜிஐஎஸ், தொலையுணர்வு, புள்ளியியல் என்று ஏதாவது ஒன்றை விடாமல் எடுக்க வேண்டும். கடைசி வருட ஆய்வைக் கட்டாயம் களத்தில் சேகரித்த தரவோடு செய்ய வேண்டும். தரவு கிடைக்காது என்ற சாக்கு இப்போது செல்லாது: லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008இலிருந்து இலவசம், சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசம். தஞ்சோங் தோக்கோங் கடலோரம் மண் கொட்டி நிரப்பப்பட்டதை வருடவாரியாக வரைந்தாலே நல்ல ஆய்வாகும். பினாங்கு மலைக்கு மேல் எப்போதும் மேகம் என்று சலித்துக்கொள்வீர்கள். அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைத் தேடிப் போவீர்கள், அதுவும் ஒரு பாடம்.

புவியியலுக்குள் பினாங்கா, கோலாலம்பூரா? இரண்டிலும் நல்ல பட்டம்தான். கோலாலம்பூரில் அரசாங்க நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம்மின் தலைமையகம், மாநகராட்சி, பெரிய பொறியியல் நிறுவனங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தொழிற்பயிற்சி தேடுவது எளிது. பினாங்கில் மாநில அரசின் ஜிஐஎஸ் மையமான பெகிஸ் இருக்கிறது, இரண்டு மாநகர் மன்றங்கள் இருக்கின்றன, ஆனால் வாய்ப்புகளின் எண்ணிக்கை குறைவுதான். பதிலுக்கு மலை, சதுப்புநிலக் காடு, மீனவர் கிராமம், தொழிற்பேட்டை, ஜார்ஜ்டவுன் பழைய நகரம் எல்லாம் ஒரே பேருந்துப் பயணத்தில். களத்தில் நடந்து படிக்க இதைவிட வசதியான ஊர் எனக்குத் தெரியாது. பிறந்து வளர்ந்த ஊர் என்ற பாசமும் இதில் கலந்திருக்கலாம்.

என் அனுபவம் மெலிந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்கூடாயில் படித்தவன் இல்லை. அங்கே படித்து எங்களோடு வேலை செய்கிறவர்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அவர்களில் நிலத்தை நன்றாக வாசிக்கிறவர்களும் உண்டு, விசாரித்தால் பெரும்பாலும் தோட்டத்திலோ கிராமத்திலோ வளர்ந்தவர்களாக இருப்பார்கள். அப்புறம், நான் பார்ப்பது மலைச்சரிவு, வடிகால் வேலை. மின்சாரக் கம்பி, நீர்க்குழாய் வலையமைப்பு என்று தரவுத்தளத்தோடே வாழும் வேலைகளில் என் வாதம் இவ்வளவு பலமாக நிற்காது. அங்கே ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் முன்னால் போகலாம். கோலாலம்பூரில் வரைபடச் செயலி எழுதும் நிறுவனங்களிலோ கணினி அறிவியல் படித்தவர்களை முதலில் கூப்பிடுவதாக அங்கே வேலை செய்யும் நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் போக விரும்பும் பிள்ளை என்னிடம் கேட்பதைவிட அவர்களிடம் கேட்பது நல்லது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், யுபியு வரிசையை உறுதிசெய்யும் முன் அந்தத் துறையில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடித்து இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஜிஐஎஸ் பாடங்கள் மொத்தம் எத்தனை, அவற்றில் எவை ஒவ்வொரு வருடமும் உண்மையிலேயே நடக்கின்றன. இன்னொன்று, களப்பணிக்கு எங்கே அழைத்துப் போகிறார்கள், எத்தனை நாள். பாடத்திட்டக் கையேட்டில் இரண்டுக்கும் சரியான பதில் இருக்காது.