வெளிறிய விஸ்கியின் பக்கம் நான்: ஒற்றைப் பீப்பாய் ஸ்காட்ச் அனுபவம்

வெளிறிய வைக்கோல் நிறமும் லேபிளில் 'ரீஃபில் ஹாக்ஸ்ஹெட்' (முன்பே ஒருமுறையாவது விஸ்கி முதிர்ந்த பீப்பாய்) என்ற குறிப்பும் சேர்ந்து கண்ணில் பட்டால், வேறு புட்டியைத் தேட மாட்டேன். தனி பாட்டிலிங் நிறுவனங்களின் ஒற்றைப் பீப்பாய் ஸ்காட்ச்சை, அதாவது வேறு பீப்பாயோடு கலக்காத விஸ்கியைப் பல ஆண்டுகளாகச் சுவைத்து வருகிறேன். இந்த விருப்பம் வலுத்துக்கொண்டேதான் போகிறது.

கேடன்ஹெட்ஸ், கோர்டன் அண்ட் மக்ஃபெயில், சிக்னேட்டரி போன்றவை பிற வடிசாலைகளின் விஸ்கியைப் பீப்பாய்க் கணக்கில் வாங்கித் தங்கள் பெயரில் புட்டியில் அடைக்கின்றன. ஹாக்ஸ்ஹெட் ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். ஆண்டுக்கு 2 சதவீதம் போல ஆவியாகிவிடுவதால், 12 ஆண்டு கழித்து 300 புட்டி தேறுவதே அரிது.

நான் திரும்பத் திரும்பத் தேடுவது ஐலா தீவின் கல் ஈலா. அந்த வடிசாலையின் விஸ்கியில் பெரும்பகுதி ஜானி வாக்கர் போன்ற கலவைகளுக்குப் போய்விடுகிறது. தண்ணீர் கலக்காமல் அடைத்த, 55 சதவீத ஆல்கஹாலுக்கு மேற்பட்ட பீப்பாய் வலிமையில் அதன் முதல் மிடறு நாக்கைச் சுடும். சாம்பலைத் தவிர எதுவும் தெரியாது. அரைத் தேக்கரண்டித் தண்ணீர் விட்டுச் சற்றுப் பொறுத்தால் எலுமிச்சைத் தோல், கடலுப்பு, அணைந்த விறகடுப்பின் புகை என ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். இன்னும் தண்ணீர் சேர்த்தால் லேசாகக் கலங்கும். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி அப்படித்தான் கலங்கும். அந்தக் கலங்கலைப் பார்ப்பதே எனக்கு மகிழ்ச்சி.

ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்து, முதல்முறையாக விஸ்கி நிரப்பிய பீப்பாய்களுக்குத்தான் பெரும் மோகம், விலையும் அதற்கேற்ப. உலர்திராட்சையும் கிராம்பும் மணக்கும், மறுக்கவில்லை. ஆனால் லிங்க்வுட் வடிசாலையின் மெல்லிய ஆப்பிள் வாசனையை அந்தக் கருஞ்சிவப்பில் மூழ்கடிப்பது அநியாயம். ரீஃபில் பீப்பாய் அடக்கமாக ஒதுங்கி நின்று வடிசாலையைப் பேச விடுகிறது.

குறைகளும் உண்டு. கந்தக நெடி ஏறிய பீப்பாய் என்றால், அதைச் சமன்செய்ய வேறு பீப்பாய் கிடையாது. ஆனாலும் திறந்த அன்றே தீர்ப்பு எழுத வேண்டாம். கழுத்து மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டபின் முரட்டுப் புட்டிகள் பல இளகியிருக்கின்றன. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் மணம் மங்கும். சிறிய புட்டிக்கு மாற்றிவிடுவேன்.

எனக்குள்ள ஒரே கவலை வரத்துதான். பிற வடிசாலைகளில் தன் பீப்பாய்களை நிரப்புவதை 2024 முதல் நிறுத்துவதாக கோர்டன் அண்ட் மக்ஃபெயில் 2023இல் அறிவித்தது. கிடங்கில் ஏற்கெனவே முதிர்பவை இன்னும் பல காலம் வரும் என்றாலும், பிடித்த வடிசாலையின் ரீஃபில் பீப்பாய் கண்ணில் பட்டால் இப்போதெல்லாம் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுகிறேன்.