தம்புராவா, செயலியா, கேள்வி ஞானமா?

சிங்கப்பூரில் பாட்டு கற்கும் நம் பிள்ளைகளில் பலர் பியானோவும் படிக்கிறார்கள். அதனால் காதை எப்படிப் பழக்குவது என்று கேட்டால் இரண்டு பதில் வரும். பாட்டு டீச்சர் தம்புராவைப் போட்டுக்கொண்டு தினமும் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்யச் சொல்வார். பியானோ டீச்சர் கைப்பேசிச் செயலியில் இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார். இரண்டுக்கும் நேரம் இருந்தால் நல்லது. அரைமணிதான் கிடைக்கும் என்றால், பாடுகிறவர்களுக்கு என் ஓட்டு தம்புராவுக்கே.

தம்புராவில் மீட்டுவது பஞ்சமமும் (ப) ஷட்ஜமும்தான் (ஸ). ஆனால் தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் ஜீவா நூல் சரியாக உட்கார்ந்தால், மந்திர ஷட்ஜத் (கீழ் ஸ) தந்தியிலிருந்து அந்தர காந்தாரமும் (க சுரத்தின் மேல் வகை) தானாக எழும். அந்தத் தந்தியின் அடிப்படை அதிர்வைப்போல் 5 மடங்கு வேகத்தில் அதிரும் ஒலி அது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடத்தைப் பாடும் பிள்ளை தன் காந்தாரத்தை அதில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். சேர்ந்ததும் குரலும் தம்புராவும் ஒன்றாகிவிடும். சரியா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பியானோவின் காந்தாரம் கொஞ்சம் ஏறியே இருக்கும். ஒரு ஸ்தாயியை (ஸ முதல் மேல் ஸ வரை) 1200 சென்ட் என்ற சிறு அளவுகளாக வைத்துக்கொண்டால், தம்புரா தரும் காந்தாரம் சுமார் 386, பியானோவில் 400. பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், அது கவலையில்லை. பல செயலிகள் பியானோ சுரங்களை வைத்தே கேள்வி கேட்கின்றன. காது முதலில் அதிலேயே படிந்துவிடுவதை நான் விரும்பமாட்டேன். தோடி ராகத்தின் காந்தாரம் போல அசைந்துகொண்டே இருக்கும் சுரத்துக்கு அந்தக் கேள்விகளில் இடமும் இல்லை.

ஆனாலும் செயலியை ஒதுக்கமாட்டேன். சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடும். எம்ஆர்டியில் நின்றபடி, வாயே திறக்காமல் பயிற்சி செய்யலாம். பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் செய்முறைத் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 18 கேட்டல் சோதனைக்கு உண்டு, அதற்கு நேரடியாக உதவும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: செயலி கேள்விக்குக் கேள்வி ஆதார சுரத்தை மாற்றினால், அமைப்புகளில் போய் உங்கள் கட்டையில் (நீங்கள் பாடும் சுருதியில்) நிறுத்துங்கள். கீபோர்டு வாசித்து மேடைக்குழுவில் சேரப்போகிறவர் என்றால் மாற்றாமல் விடுங்கள்; அவருக்குச் செயலியே முதலில்.

தம்புரா என்றதும் மரத்தம்புரா வாங்கப் புறப்பட வேண்டாம். இங்குள்ள ஈரப்பதமும் வீட்டு ஏர்கானும் மாறி மாறிப் பட்டால் தந்தியின் சுருதி மாறிக்கொண்டே இருக்கும், சின்னப் பிள்ளையால் அதைச் சேர்க்க முடியாது. மின் தம்புராவோ கைப்பேசித் தம்புராவோ போதும். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் மந்திர ஷட்ஜம் சரியாகக் கேட்காது. நல்ல ஸ்பீக்கரில் இணையுங்கள்.

மூன்றாவது வழி கேள்வி ஞானம், அதாவது கேட்டுக் கேட்டே பெறும் இசையறிவு. கஷ்டம் இதில்தான், நான் மிகவும் மதிப்பதும் இதைத்தான். நவராத்திரி மாலைகளில் கோயில் கச்சேரிக்குப் போகலாம், நவம்பரில் எஸ்பிளனேட் கலையரங்கின் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழா வரும். கேட்டு ரசிப்பதோடு நிறுத்தாமல், பிடித்த வித்வானின் பதிவில் ஒரே ஒரு சங்கதியை (ஒரு வரியைப் பாடும் ஒரு விதத்தை) எடுத்து, திரும்பத் திரும்பக் கேட்டு, சுரப்படுத்தி (ஸரிகமவாக) எழுத வேண்டும். ராகத்தை அடையாளம் காண்பதும் கமகம் (சுரத்தின் அசைவு) எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்பதும் இதில்தான் பிடிபடும். செயலியோ சாதகமோ தனியாக அதைத் தராது.

வேலை முடிந்து வீடு திரும்ப இரவாகிவிட்டால், அடுக்குமாடியில் குரல் விட்டுப் பாட முடியாது. அந்த நேரத்துக்கு இந்தச் சுரப்படுத்தல்தான் தோது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுதிவிட்டு, காலையில் தம்புராவோடு பாடிப் பாருங்கள். தப்பு எந்தச் சுரத்தில் என்று காதே காட்டிக்கொடுக்கும்.