ரெடிங்ல ரவுண்ட் பாட கத்துக்கணுமா, இந்த கொயருக்கு தாராளமா போகலாம்

இங்கிலாந்துல ரெடிங் பக்கம் இருக்குறவங்களுக்காக எழுதுறேன். எங்க ஏரியா சர்ச் ஹால்ல சாயங்காலம் நடக்குற கம்யூனிட்டி கொயர் (எல்லாரும் சேர்ந்து பாடுற குழு) இது, ஆடிஷன் கிடையாது, நோட்டேஷன் படிக்கத் தெரியணும்னு இல்ல, முதல் கிளாஸ் ஃப்ரீ, அப்புறம் கிளாஸுக்கு 6 பவுண்ட். இந்த டெர்ம் முழுக்க ரவுண்ட்தான்.

ரவுண்ட்னா எல்லாருக்கும் ஒரே மெட்டு, ஆனா ஒரு குரூப் முதல் வரிய முடிச்சு ரெண்டாவதுக்குப் போகும்போது அடுத்த குரூப் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், இப்படியே மூணு நாலு குரூப் வந்து சேரும். எந்த வரி எந்த வரியோட சேர்ந்தாலும் இனிமையா இருக்குற மாதிரி மெட்ட கட்டியிருப்பாங்க. கர்நாடக சங்கீதம் கேட்டு வளந்தவங்களுக்கு சுருதியும் ஒரு மெட்டும்தான் பழக்கம், அதனால பக்கத்துல வேற வரி ஓடும்போது காது அங்க போயிடும், அதத் தாங்கி நிக்கிறதுதான் இங்க பயிற்சியே.

சொல்லிக்குடுக்குற மேடம் அவசரப்படவே மாட்டாங்க, அதுக்காகவே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். வரி வரியா பாடிக் காட்டி நம்மள பாட வைப்பாங்க, அப்புறம் அவங்க வாய மூடிட்டு ஹால சுத்தி வந்து ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நின்னு கேப்பாங்க, மெட்டு எல்லாருக்கும் உறைச்சிடுச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் ரெண்டு குரூப்பா பிரிப்பாங்க, நாலு குரூப்லாம் அதுக்கப்புறம்தான். முடிக்கும்போது கைய உயர்த்துவாங்க, யார் எந்த வரில இருந்தாலும் அந்த வரியோட கடைசி சுரத்துலயே நிக்கணும், அப்போ நாலு வரியோட சுரமும் ஒண்ணா ஒலிச்சு ஒரே கார்டா (chord) நின்னு ஹாலே நிறைஞ்சுடும், எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடிக்கும்.

இந்த ஊர்ல இருந்துட்டு 'சுமர் இஸ் இக்குமன் இன்' பாடாம இருக்க முடியுமா. 13ஆம் நூற்றாண்டு பாட்டு, ரெடிங் அபேங்கிற பழைய மடத்தோட தொடர்புள்ள கையெழுத்துப் பிரதி, இப்ப பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. அடுத்த ஆள் எங்க சேரணும்னு அதுலயே ஒரு சிலுவைக் குறி போட்டிருக்கு, மேடம் அந்தப் பக்கத்தோட பிரின்ட்ட எல்லார் கைலயும் குடுத்தாங்க. நாலு குரல் ரவுண்டா பாட, கீழ ரெண்டு குரல் ஒரு சின்ன வரிய திரும்பத் திரும்பப் பாடிட்டே இருக்கும். புதுசா வர்றவங்கள முதல்ல அந்தக் கீழ் வரில நிறுத்துறாங்க, நல்ல யோசனை, சுத்தி எல்லாம் எப்படிக் கோத்துக்குதுன்னு பாடிக்கிட்டே கேட்டுடலாம்.

குறைன்னா, ஹால்ல எதிரொலி ஜாஸ்தி, வேகமான ரவுண்ட்ல வார்த்தையெல்லாம் குழம்பிடுது, அதுலயும் பின்னாடி குரூப் இழுத்துட்டே போகும், மேடம் கால தட்டித் தட்டித்தான் பிடிச்சு நிறுத்துறாங்க. டீ பிரேக் ரொம்ப நீளம். வீட்ல பாடிப் பாக்க ரெக்கார்டிங் அனுப்புங்கன்னு கேட்டும் இன்னும் வரல, புதுசா வர்றவங்களுக்கு அது கண்டிப்பா வேணும்.

போறவங்க கொஞ்சம் சீக்கிரமே போயிடுங்க, குரூப் பிரிச்ச பிறகு உள்ள நுழைஞ்சா மெட்டு பிடிபடாது. முதல் சில கிளாஸ் உங்க குரூப்புக்கு நடுவுல நில்லுங்க, ஓரத்துல நின்னா பக்கத்து குரூப் உங்கள இழுத்துட்டுப் போயிடும்.