பால்சா ட்ரெய்னரில் சர்வோ, ஹார்ன், புஷ்ராட்: நீண்ட நாள் அனுபவம்

மேல் இறக்கை வைத்த 40 சைஸ் (0.40 கன அங்குல எஞ்சினுக்கான அளவு) பால்சா மர ட்ரெய்னர், அதாவது ஓட்டிப் பழகுவதற்கான ரேடியோ கண்ட்ரோல் மாதிரி விமானம் ஒன்றைச் சில வருடங்களாகப் பறக்கவிட்டு வருகிறேன். உள்ளே இருப்பதெல்லாம் ஃபுட்டாபா எஸ்3003 சர்வோ (ரேடியோ கட்டளைப்படி விமானத்தின் அசையும் தகடுகளைத் திருப்பும் சின்ன மோட்டார்). ஒன்று 37 கிராம், 4.8 வோல்ட்டில் 3.2 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. இந்த அளவு விமானத்துக்குத் தாராளம். இத்தனை நாளில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்றுதான்: எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு), எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு), ரடர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு) மூன்றையும் முதலில் கையால் நேராக்கிவிட வேண்டும். கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரின் மெனுவில் சரிசெய்வது அப்புறம்தான்.

ட்ரிம், சப் ட்ரிம் (டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையைக் கொஞ்சம் தள்ளிவைக்கும் அமைப்புகள்) எல்லாம் பூஜ்யம், ஸ்டிக் நடுவில். அப்போது சர்வோ ஆர்ம் (சர்வோ தண்டில் மாட்டும் கை) புஷ்ராடுக்கு (அதைத் தகட்டோடு இணைக்கும் கம்பி) 90 டிகிரியில் நிற்க வேண்டும். பெரும்பாலும் நிற்காது, கொஞ்சம் சாய்ந்திருக்கும். இந்த சர்வோவின் தண்டில் 25 பற்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 டிகிரி திரும்பிவிடும், அது ரொம்ப அதிகம். அதற்குப் பதில் நான்கு கை உள்ள ஆர்மை எடுத்து ஒவ்வொரு கையாக மாற்றிப் பாருங்கள். 25 நான்கால் மீதியின்றி வகுபடாது என்பதால் கைக்குக் கை 3.6 டிகிரி வித்தியாசம் வரும். ஏதாவது ஒரு கை கிட்டத்தட்ட நேராக வந்தே தீரும். அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிடலாம். மிச்சமுள்ள துளி சாய்வுக்குத்தான் சப் ட்ரிம்.

ஹார்னின் (தகட்டில் பொருத்தி, புஷ்ராடை மாட்டும் கொம்பு) துளைகள் கீல் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தள்ளியிருந்தால் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக அசையும். அசைவு அதிகமாக இருந்தால் எண்ட் பாயிண்டைக் (சர்வோ எவ்வளவு சுழலலாம் என்று டிரான்ஸ்மிட்டரில் வைக்கும் எல்லை) குறைக்காதீர்கள். ஆர்மில் உள் துளைக்கோ ஹார்னில் வெளித் துளைக்கோ மாறுங்கள். சர்வோ முழு வீச்சில் சுழலும், பலமும் கூடும், ஆட்டமும் குறையும்.

என் எய்லரான் மேலே 12 மி.மீ., கீழே 8 மி.மீ. கீழிறங்கும் எய்லரான் இழுவையைக் கூட்டி மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பும், அதனால்தான் இந்த வித்தியாசம். எக்ஸ்போ (ஸ்டிக் நடுவில் இருக்கும்போது அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 25 சதவீதம். ஃபுட்டாபாவில் மைனஸ் போட்டால் நடுவில் மென்மையாகும், ஸ்பெக்ட்ரம் கம்பெனி ரேடியோவில் பிளஸ். ரேடியோ மாற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்பட வருகிற தொல்லை இரண்டு. நைலான் குழாய் புஷ்ராட் வெயிலில் நீளும். காலையில் வைத்த எலிவேட்டர் ட்ரிம் மதியம் தவறும். எலிவேட்டருக்கு மட்டும் கார்பன் குழாய் போட்டேன், இப்போது ட்ரிம் அப்படியே நிற்கிறது. அடுத்தது, க்ளெவிஸ் (புஷ்ராடை ஹார்னில் மாட்டும் கவ்வி) ஊசி ஹார்ன் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கும். எலிவேட்டரின் பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சர்வோ அசையாமல் எலிவேட்டர் மட்டும் லொடலொடவென்று ஆடினால், வேகத்தில் படபடத்துப் பிய்ந்துபோக வாய்ப்பிருக்கிறது. ஹார்னை உடனே மாற்றிவிடுங்கள், க்ளெவிஸ் மேல் சிலிக்கான் குழாய்த் துண்டு ஒன்றையும் வளையமாகப் போட்டுவிடுங்கள்.